கனகரத்தினம், பதினான்கு புள்ளி

செப்டெம்பர் 2, செவ்வாய்

யாழ்ப்பாணத்திலிருந்து 6.10க்கு வரவேண்டிய பஸ் எட்டு நிமிடம் தாமதம். சாரதி செபநாயகத்திடம் காரணம் கேட்டேன். குருநகர்க்காரர், பூசை முடிய நேரமாகிவிட்டது என்றார். செவ்வாய்க்கிழமை என்ன பூசை? "அந்தோனியாருக்கு, ஐசே. செவ்வாய் அவரின்ரை நாள்." அச்சுவேலி பஸ் நிலையத்தின் பதிவுப் புத்தகத்தில் "தாமதத்துக்குக் காரணம்: அந்தோனியார்" என்று எழுத முடியுமா? "காரணம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இருபத்தாறு வருடம் பஸ்களின் நேரம் குறிக்கிற ரைம்கீப்பராக இருக்கிறவனிடம் இந்தக் கதையெல்லாம் எடுபடாது.

வீட்டுக்கு வர மூன்று மணி. பத்மா போனில் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் போனை என் பக்கம் நீட்டினாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். முகம் கழுவ எவ்வளவு நேரம் எடுக்கும்? இருபது நிமிடம் கழுவினேன்.

ஏப்ரல் 21 முதல் நான் மகளோடு கதைப்பதில்லை. நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். பதினேழு வயது, அடுத்த வருடம் ஏ.எல். சோதனை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் கூடைப்பந்தாட்டத்துக்கு இலங்கை அணியில் எடுத்திருக்கிறோம், பயிற்சிக்குக் கொழும்பில் நாலு மாதம் நிற்க வேண்டும் என்று கடிதம் வந்தது. படிப்பு என்னாவது? கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். பத்மா வைத்தாள். பெற்றோரில் ஒருவர் போதுமாம்!

போகிற அன்று படலையடியில் நின்று "போட்டு வாறன் அப்பா" என்றாள். நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன செய்தி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செப்டெம்பர் 4, வியாழன்

போட்டிக்கு அணி மாலைதீவுக்குப் பறந்துவிட்டதாம். பத்மாதான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

செப்டெம்பர் 6, சனி

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

இன்று முதலாவது போட்டி, நேபாளத்தோடு. தொலைக்காட்சியில் கிடையாது. ஆனால் இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. யார் எத்தனை நிமிடம் விளையாடினார், எத்தனை புள்ளி எடுத்தார், விதி மீறிய பவுல் எத்தனை என்று எல்லாம் அதில் வருமாம். பத்மா மூன்று நாளாக என் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கென்று சொல்லவில்லை, சுவருக்குச் சொன்னாள்.

மத்தியானம் கொடிகாமம் பஸ் போனபிறகு நிலையத்தில் ஒருவரும் இல்லை. சும்மா பார்த்தால் என்ன என்று என்னுடைய போனில் திறந்தேன். முதலில் ஒரு பெட்டி. இலங்கை 52, நேபாளம் 47. அதற்குக் கீழே ஒவ்வொரு அணியிலும் கூடிய புள்ளி எடுத்தவர் பெயர். இலங்கைக்கு:

KANAGARATNAM – 14.

என் பெயர். கொட்டை எழுத்தில்.

பாஸ்போட்டில் குடும்பப் பெயர் என்று கேட்கிற இடத்தில் நாங்கள் தகப்பன் பெயரைத்தானே கொடுக்கிறோம். வெளிநாட்டுக்காரர்கள் அதையே ஆளுடைய பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் விளையாடியது அவள், விழுந்தது என் பெயரில். மூன்று தரம் வாசித்தேன். எனக்கு ஐம்பத்து நாலு வயது. இதுவரை என் பெயர் அச்சில் எங்கே வந்திருக்கிறது? வாக்காளர் இடாப்பில். கரண்ட் பில்லில். அப்பாவின் மரண அறிவித்தலில், பிள்ளைகள் வரிசையில் மூன்றாவதாக. பந்தொன்றைக் கையால் தொட்டே அறியாதவன், ஒரு நாட்டுக்காகப் பதினான்கு புள்ளி எடுத்திருக்கிறேன்!

பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்க்கவில்லை. எதற்கு? பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது.

பின்னேரம் நானாகவே பத்மாவிடம் போனைக் கேட்டேன். அவள் பேசாமல் எடுத்துத் தந்தாள். நாலு மாதமும் பதினாறு நாளும்.

"பிள்ளை, நான் அப்பா."

"அப்பா... நீங்களோ?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"பதினாலு! பார்த்தனான். எல்லாம் பார்த்தனான்."

"அப்பா, எங்களுக்கு மீற்றிங் இருக்கு, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாள். அழுதிருப்பாள். அழட்டும், நல்லதுதான். எனக்கும் கண் கலங்கித்தான் போனது. இதை எழுதிவைக்க எனக்கு வெட்கமில்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

லீவு நாள்தான், ஆனாலும் நிலையத்துக்குப் போனேன். அங்கே நின்ற எல்லோருக்கும் தேத்தண்ணியும் உழுந்து வடையும் என் கணக்கில். எவரும் நம்பவில்லை, நான் ஒருவருக்கும் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லையாம். போனைத் திறந்து காட்டினேன். செபநாயகம் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"ஐசே, உன்ரை உயரத்துக்கு உந்தப் பிள்ளை எப்பிடிப் பிறந்தது?"

"தாய்ப் பக்கம்" என்றேன். இன்று என்ன சொன்னாலும் கோபம் வரவில்லை.

பின்னேரம் சனசமூக நிலையச் செயலாளர் கஜானன் வீடு தேடி வந்தான். சந்தியில் வாழ்த்துப் பனர் கட்டப்போகிறார்களாம். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்குக் கட்டுகிறோம், இதற்குக் கட்டாமல் விடலாமா என்றான். மகளின் படம் கேட்டான். பந்தோடு நிற்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யார் எடுத்தது? ஸ்ரூடியோவில் சேலை கட்டி எடுத்ததைக் கொடுத்தேன். அவன் எழுதிக்கொண்டு வந்த வசனத்தில் என் பெயர் கடைசி வரியில் சின்னதாக இருந்தது. அதை முதல் வரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். "கனகரத்தினத்தின் புதல்வி, நாட்டுக்காகப் பதினான்கு புள்ளிகள்."

செப்டெம்பர் 8, திங்கள்

பனர் கட்டியாகிவிட்டது. பத்து அடி. வேலை முடிந்து வரும்போது சைக்கிளை எதிர்ப்பக்கம் நிறுத்திப் பார்த்தேன். திரும்பிப் போய் இன்னொரு தரம் பார்த்தேன்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

விடிய ஐந்தேகாலுக்கு, வேலைக்கு வெளிக்கிடும்போது போன் அடித்தது. அவள்தான்.

"அப்பா, சந்தியிலை பனர் கட்டினதோ?"

"ஓம். உனக்கு ஆர் சொன்னது?"

"பேஸ்புக்கிலை படம் வந்திருக்கு. அப்பா, அதைக் கழட்டச் சொல்லுங்கோ."

"ஏன்? படம் சரியில்லையோ?"

"அந்தப் பதினாலும் என்ரை இல்லை அப்பா. அது வித்தியா எடுத்தது. மட்டக்களப்புப் பிள்ளை, எங்கடை டீமிலைதான். அவளின்ரை அப்பாவின்ரை பேரும் கனகரத்தினம்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியது. விளங்காத மாதிரிக் கேட்டேன்: "அப்ப உன்ரை எத்தினை?"

"ஒண்டும் இல்லை. மூண்டு நிமிசம்தான் இறக்கினவை."

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் இவ்வளவு நாளைக்குப் பிறகு கதைச்சனீங்கள். எனக்கு வாய் வரேல்லை அப்பா."

நான் போனை வைத்துவிட்டேன். ஒரு சொல் சொல்லாமல்.

நிலையத்துக்குப் போய் இருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, கீழே இழுத்தேன். அன்றைக்கே இழுத்திருக்க வேண்டியது. இரண்டு கனகரத்தினம். ஒன்றின் பின்னால் V, மற்றதன் பின்னால் N. போன் விழுந்து திரையின் இடது ஓரம் கறுத்துப்போயிருக்கிறது, சட்டை இலக்கம் தெரியவில்லை. V: 31 நிமிடம் 40 வினாடி, பதினான்கு புள்ளி. N: 3 நிமிடம் 18 வினாடி. பூச்சியம். பவுல் இரண்டு. பந்தைப் பறிகொடுத்தது ஒரு தரம். மற்றதெல்லாம் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

எனக்கென்ன விசரோ? எட்டு நிமிசத்துக்குக் காரணம் கேக்கிற ஆள் நான். இரண்டு தரம் சரிபாராமல் ஒரு வரி எழுதமாட்டன். பெத்த பிள்ளையின்ரை வரியை மட்டும் பாக்காமல் விட்டிட்டன். என்ரை பேரைக் கண்டன், அதோட கண் நிண்டிட்டுது. அவளைத் தேடேல்லை. என்னைத்தான் தேடியிருக்கிறன்.

பத்மாவுக்கு அன்றைக்கே தெரியுமாம், நான் கதைக்கத் தொடங்கியதைக் கெடுக்க அவளுக்கும் வாய் வரவில்லையாம். பின்னேரம் இன்னொன்றும் சொன்னாள். அந்த வித்தியாவுக்குத் தகப்பன் இல்லை. மீன் லொறி ஓட்டினவராம், விபத்தில் போய் மூன்று வருடம். அந்த மனிதரின் பெயரில் விழுந்த பதினான்கு புள்ளிக்கு நான் இங்கே வடை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இன்று இரண்டாவது போட்டி. N-ஐ இறக்கவே இல்லை.

செப்டெம்பர் 10, புதன்

கஜானனிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, ஆருக்குத் தெரியப்போகுது? ஒரு கிழமை நிக்கட்டும், பிறகு நாங்களே கழட்டிப்போடுவம்."

"எனக்குத் தெரியும்தானே" என்றேன்.

"அப்ப பொழுதுபட்டாப் பிறகு கழட்டுவம். சனம் குறைவு."

அது சரியென்று ஒரு கணம் மனம் சொன்னது. பிறகு, கட்டினது பகலில்தானே என்று நினைத்தேன். ஏணியைத் தா, நானே கழட்டுகிறேன் என்றேன்.

பத்தரை மணி. சந்தையால் வருகிற சனமெல்லாம் நின்று பார்த்தது. எனக்கு உயரம் என்றால் பயம். நாலாவது படியில் நின்று ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து செபநாயகத்தின் பஸ் வந்தது. நடுச்சந்தியில் பிரேக் போட்டு, பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு இறங்கி வந்து ஏணியைப் பிடித்தார்.

"என்ன ஐசே, எழுத்துப் பிழையோ?"

"ஆள் பிழை" என்றேன். மேலே நின்றபடியே முழுவதையும் சொன்னேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். யன்னலோரம் இருந்த ஒரு மனுசி "பாவம்" என்றார். யாரைச் சொன்னாரோ தெரியாது. செபநாயகம் பகிடி ஒன்றும் விடவில்லை. அவர் பகிடி விட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பஸ் ஆறு நிமிடம் தாமதம். பதிவுப் புத்தகத்தில் காரணம் எழுதினேன்: "ரைம்கீப்பரின் சொந்த அலுவல்."

பனரைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்மா விறகுக்கு மேலே போடலாம் என்றாள். வேண்டாம், அதில் பிள்ளையின் முகம் இருக்கிறது.

செப்டெம்பர் 11, வியாழன்

இரண்டு நாளாக நான் மாலைதீவுக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வெட்கம். வேறொன்றுமில்லை.

பின்னேரம் பத்மா உடுப்பு மடித்தபடி, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, பிள்ளை என்னட்டை ஒண்டு கேட்டவள். அப்பா இனியும் என்னோட கதைப்பாரோ எண்டு."

நான் வெட்கத்தில் பேசாமல் இருக்க, அவள் அதைக் கோபம் என்று எடுத்திருக்கிறாள். எடுக்காமல் என்ன செய்வாள்? என் மௌனத்துக்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். பதினான்கு இருந்தால் அப்பா கதைப்பார், பூச்சியம் என்றால் கதைக்கமாட்டார். அவளுக்கு நான் காட்டிக் கொடுத்த கணக்கு அப்படித்தானே?

எடுத்தேன். முதல் மணி அடித்ததுமே தூக்கினாள்.

"அப்பா?"

"ஓம்."

"கோவமோ?"

"ஓம்."

"...என்னிலையோ?"

"என்னிலை."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பனரை நான்தான் கழட்டினேன், பகலில், ஏணியில் ஏறி என்றேன். "நீங்களோ? ஏணியிலையோ?" என்றாள். அந்த அழுகையிலும் ஒரு சிரிப்பு. வித்தியாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள் என்றேன். கேட்டாகிவிட்டதாம். அந்தப் பிள்ளை கோபிக்கவே இல்லையாம்.

"அவள் என்ன சொன்னவள் தெரியுமோ அப்பா? என்ரை அப்பாவின்ரை பேரை இப்ப ஒருத்தரும் சொல்றேல்லை, உங்கடை ஊரிலை ஒரு சந்தி முழுக்கச் சொல்லியிருக்கினம், நல்லதுதானே எண்டாள்."

பிறகு கேட்டேன்: "உன்ரை சட்டை நம்பர் என்ன?"

"ஏன் அப்பா?"

"நாளைக்குப் பாக்கத்தான்."

"பதினொண்டு. ஆனால் இறக்குவினமோ தெரியாது."

"இறக்காட்டிலும் பாப்பன்."

வைக்கப்போனாள். பொறு என்றேன். "ஏப்ரலிலை படலையடியிலை நிண்டு போட்டு வாறன் எண்டனி. எனக்குக் கேட்டது. கேக்காத மாதிரி இருந்தனான்." போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "போட்டு வா, பிள்ளை" என்றேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

கடைசிப் போட்டி, மாலைதீவோடு, அவர்களின் சொந்த மண்ணில். மூன்று மணிக்குத் தொடக்கம். இன்று எனக்குப் பின்னேர வேலை. என்னுடைய போனைப் பத்மாவிடம் கொடுத்துவிட்டு அவளுடையதைக் கொண்டுபோனேன். அதில் இலக்கம் தெரியும். போட்டி நடக்கும்போதே இலக்கங்கள் மாறிக்கொண்டிருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

முதல் கால்பகுதி முழுக்கப் பதினொன்றின் வரியில் நேரம் 0:00. இரண்டாவதிலும் அப்படியே. மேலே ஏழாம் இலக்கம், வித்தியா, எட்டுப் புள்ளி. அந்தப் பிள்ளைக்காகவும் மனம் அடித்துக்கொண்டது. மூன்றாவதில் ஒரு தரம் பார்க்கிறேன்: 0:21. இறக்கிவிட்டார்கள்! எழும்பி நின்றுவிட்டேன். 1:05. 2:30. ஒருமுறை எறிந்தாள், போகவில்லை. இன்னொருமுறை, அதுவும் போகவில்லை. நிமிடம் மட்டும் கூடிக்கொண்டே போனது. அவளை வெளியே எடுக்கவில்லை. இருபத்தாறு வருடம் நிமிடம் எண்ணியிருக்கிறேன், ஒரு நிமிடத்துக்காக இப்படி ஏங்கியதில்லை.

கடைசியில்: இலக்கம் 11. ஒன்பது நிமிடம் ஐந்து வினாடி. பலகையில் பட்டுத் திரும்பின பந்தைப் பிடித்தது நாலு தரம். மற்றவர் போடுவதற்கு எடுத்துக் கொடுத்தது இரண்டு தரம். இரண்டும் ஏழாம் இலக்கத்துக்கு. புள்ளி பூச்சியம். ஓரத்தில் ஒரு கூட்டல் அடையாளமும் ஆறும். அது என்னவென்று வீட்டுக்குப் போன் எடுத்துப் பத்மாவைக் கேட்டேன். அவள் எப்போதோ படித்து வைத்திருக்கிறாள். பதினொன்று களத்தில் நின்ற ஒன்பது நிமிடத்தில் எங்கள் அணி எதிரணியைவிட ஆறு புள்ளி கூட எடுத்திருக்கிறதாம். போட்டி தோற்றது மூன்று புள்ளியால். நான் இருந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவளை முன்னரே இறக்கியிருக்க வேண்டும்! பயிற்சியாளருக்கு யார் சொல்வது?

நாலே முக்காலுக்குச் செபநாயகம் வந்தார்.

"எத்தினை புள்ளி, ஐசே?"

"பூச்சியம்" என்றேன். பிறகு தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பி, நிற்கிற எல்லோருக்கும் தேத்தண்ணியும் வடையும் என்றேன்.

அந்த அமளியில் 4.30 பஸ் எத்தனை மணிக்கு வந்ததென்று குறிக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. கண்டக்டரிடம் கேட்டு எழுதினேன்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

யாழ்ப்பாணம் 6.10. சரியாக 6.10க்கு வந்து நின்றது.

"இண்டைக்கு அந்தோனியாரிட்டைப் போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவர் விளங்கிக்கொள்ளுவார்" என்றார் செபநாயகம். பின் கதவால் அவள் இறங்கினாள். கறுத்துப் போயிருக்கிறாள், என்னைவிட அரை அடி உயரமாகிவிட்டாள். இதெல்லாம் எப்போது நடந்தது? பையை வாங்கப் போனேன், விடவில்லை. ஆளுக்கொரு பிடியாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். திங்கள் முதல் ரியூசனுக்குப் போவதாக அவளாகவே சொன்னாள். அடுத்த பயிற்சி முகாம் எப்போது என்று நான் கேட்டேன். நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

கடைசிப் போட்டியின் தாளை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார்களாம். அதை எனக்குக் காட்ட அவளுக்குத் தயக்கம், புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். வாங்கி இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பதினொன்றாவது இலக்கத்துக்கு எதிரே என் பெயர் முழுதாக இருக்கிறது, அவளுக்கு ஒரு எழுத்துத்தான். பேனாவை எடுத்து என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதினேன்:

நிவேதனா.